அடைமழையில் வாடும் கத்தரி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கத்தரிச் செடி தலை தொங்கி நிற்கும். உடனே யூரியா மூட்டையைத் தூக்காதீங்க. தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் ஈரத்தில் இருந்தும் நீரை உறிஞ்சாது. முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். பள்ளமான மூலையில் வரப்பை வெட்டி அன்றைக்கே வடித்துவிடுங்கள். பக்கத்து வயலுக்குள் விட்டுடாதீங்க, அது வேறு வம்பு! மண் பொலபொலத்ததும் லேசாகக் கொத்தி, செடிக்கு மண் அணையுங்கள். புதுத்தளிர் கண்ட பிறகு உரம் வைக்கலாம்.

வடித்த பின்பும் ஒரு செடி வாடினால், அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்த இடத்தில் அடுத்த போகம் தக்காளி, மிளகாய் வேண்டாம், சோளம் போடுங்கள்.