மஹர் யாருடைய பணம்?

(விருத்தாசலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இஸ்லாமியத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய தொகை மஹர். அவளுடைய அப்பாவுக்கு அல்ல, அவளுக்கு. ஒரு பகுதியை உடனே தரலாம், மீதியைக் கடனாக நிறுத்திவைக்கலாம். மணவிலக்கு ஆனாலும் கணவன் இறந்தாலும் அந்தக் கடன் தீர்க்கப்பட வேண்டும். நம் 1961 வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை.

புலம்பெயர்ந்த குடும்பங்களோடு இந்தக் கடன் மேற்கத்திய நீதிமன்றங்களுக்கும் போனது. அங்கே ஒரே கேள்விக்குப் பல பதில்கள். இந்தியாவில் நடந்த ஒரு திருமணத்தின் மஹரை, 1965இல் லண்டன் நீதிமன்றம் ஒப்பந்த உரிமை என்று ஏற்றது. 2002இல் நியூஜெர்சி நீதிமன்றம் 10,000 டாலர் மஹரைக் கொடுக்கச் சொன்னது: மதச் சடங்கில் எழுதப்பட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பது அதன் நிலை. ஆனால் 1998இல் கனடாவின் ஒண்டாரியோ நீதிமன்றம், இது மதக் கடமை, நாங்கள் தலையிட முடியாது என்று 30,000 டாலரை மறுத்தது. 1988இல் கலிபோர்னியா நீதிமன்றமோ, இதைக் கொடுத்தால் மணவிலக்குக்கு ஊக்கம் கொடுத்ததாகும் என்றது.

மதம் என்று ஒதுக்கிய இடத்தில் பெண் தோற்றாள். ஒப்பந்தம் என்று பார்த்த இடத்தில் அவளுக்குப் பணம் கிடைத்தது. திருமணத்தை ஒப்பந்தம் என்றே பேசிய பெரியாரின் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமா? புரோகிதர் இல்லை, சடங்கு இல்லை என்று சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாது என்றது 1950களின் சென்னை உயர் நீதிமன்றம். 1967 சட்டத் திருத்தம் வந்த பிறகே அது செல்லுபடியானது.

ஆனால் ஒப்பந்தம் என்பதோடு நின்றுவிட முடியாது. 2001இல் கலிபோர்னியாவில் இன்னொரு வழக்கு. எகிப்தில் எழுதிய மஹர் 500 பவுண்ட். அந்தப் பத்திரத்தைக் காட்டி, மணவாழ்வில் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்று வாதாடினார் கணவர். நீதிமன்றம் ஏற்கவில்லை. மனைவிக்குச் சமபங்கு தரும் சொத்துச் சட்டம் அங்கே இருந்ததால் அவர் தப்பித்தார்.

இங்கே? ஷா பானுவின் கணவர் 3,000 ரூபாய் மஹரைக் கட்டிவிட்டேன், இனி ஜீவனாம்சம் இல்லை என்றார். 1932இல் தொடங்கிய மணவாழ்வுக்கு 1978இல் அவர் போட்ட கணக்கு அது. மஹர் மணவிலக்குக்கான தொகை அல்ல என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜீவனாம்சம் ஒருபக்கம் இருக்கட்டும், சொத்து? கோவா போன்ற ஓரிரு பகுதிகளைத் தவிர, மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பாதி என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் எந்த மதத்துப் பெண்ணுக்கும் கிடையாது.

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் பட்டறையும் சூளையும் கணவர் பெயரில் இருக்கும். அச்சில் வார்த்து, காயவைத்து, பொம்மைக்கு வண்ணம் தீட்டியது மனைவியின் கை. வீட்டுக்குப் போனால் சோறு வடிப்பதும் அதே கை. பிரிந்து போகும்போது பட்டறையில் அவளுக்கு என்ன கணக்கு? 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டு வேலையும் சொத்துச் சேர்ப்பதில் பங்களிப்புதான் என்று சொல்லி ஒரு மனைவிக்குச் சொத்தில் பாதியைக் கொடுத்தது. அது ஒரு வழக்கின் தீர்ப்பு. நமக்கு வேண்டியது சட்டம்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் மஹர் பெயருக்கு ஒரு சிறு தொகையாகவும், பெண்வீட்டார் தரும் கைக்கூலி பெருந்தொகையாகவும் இருப்பதை அங்குள்ள பெண்களே கேள்வி கேட்கிறார்கள். இந்து வீடுகளில் வரதட்சணை இல்லையா? சாதிக்குள்ளேயே கல்யாணம் என்ற கட்டுப்பாடு இருக்கும்வரை, மாப்பிள்ளை விலையும் இருக்கும்.

முஸ்லிம் பெண்ணுக்காக என்று சொல்லிக்கொண்டு பொது சிவில் சட்டம் கேட்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: எல்லாப் பெண்களுக்கும் சொத்தில் பாதி என்று எழுதத் தயாரா? மஹர் அவளுடைய கடன், அதை வசூலித்துக் கொடுங்கள். அதற்குமேல் அவள் உழைத்ததில் பாதி அவளுடையது, அதையும் கொடுங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.