சுருட்டை வேற, பரட்டை வேற

(கிளாவரையில் நடந்த மகளிர் குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துல வசூல் முடிஞ்சு நோட்டை மூடுற நேரம் ஒரு அக்கா கேட்டாங்க. "வங்கிக் கடன், ரேஷன் கார்டுன்னு எல்லாம் பேசுறீங்க. எங்க தலைமுடியப் பத்தி ஒரு நாளும் பேச மாட்டேங்கிறீங்களே?" எல்லாரும் சிரிச்சோம். அந்த அக்கா சிரிக்கல. அவங்க ஏன் சிரிக்கலைன்னு அப்புறம்தான் எங்களுக்கு உறைச்சது.

அவங்க பொண்ணுக்கு நல்ல சுருட்டை முடி. பொண்ணு பார்க்க வர்றவங்க பரட்டைன்னு சொல்லிருவாங்கன்னு பயந்து, குழுவுல உள்கடன் வாங்கி, கீழே ஒரு ஊர்ல பார்லருக்குக் கூட்டிட்டுப் போய் முடியை நேராக்கினாங்க. ஒரு மாசம் பட்டு மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் காதுப் பக்கம் கொத்துக் கொத்தா ஒடிய ஆரம்பிச்சது. அந்தக் கடனுக்குத் தீர்மானம் எழுதின அன்னைக்கு நாங்களும் இங்கேதான் உட்கார்ந்திருந்தோம். "எதுக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேட்கல. அதனால இன்னைக்கு முடியைப் பத்தியே பேசலாம்னு வந்திருக்கோம்.

முதல்ல ஒண்ணு. சுருட்டை என்பது பிறவியில் வருவது. பரட்டை என்பது அந்த முடி காய்ந்து, உரசி, ஈரக்காற்று ஏறி நிற்பது. சுருட்டையை மாற்ற வேண்டியதில்லை. பரட்டையைத் தடுக்கலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒரு முடியின் மேல்புறம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய செதில்கள், எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். ஓடு ஒழுங்காகப் படிந்திருந்தால் முடி வழுவழுப்பாக மின்னும். ஓடு தூக்கிக்கொண்டால் உள்ளே ஈரம் போகும், முடி உப்பும், ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். தலையில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் சுலபமாக நுனி வரைக்கும் இறங்கிவிடும். சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவையும் தாண்டி இறங்க முடியாமல் பாதியிலேயே நின்றுவிடும். அதனால்தான் சுருட்டை முடிக்காரங்களுக்கு வேர்ப்பக்கம் பிசுபிசுப்பு, நுனியில வறட்சி.

முடி ஈரத்துக்கு எவ்வளவு அசையும் என்றால், 1783-ல் சொசூர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி மனித முடியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கி எழுதினார். ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். வானிலை நிலையங்களில் இந்த முடிக்கருவி வெகுகாலம் இருந்தது. நம்ம ஊர்ல அந்தக் கருவி எதுக்கு? மத்தியானம் மூணு மணிக்கு மூடுபனி ஏறுறப்போ நம்ம தலையே சொல்லிடுது.

கிளாவரையில இது ரெண்டு பக்கமும் இடிக்குது. மழை மாசங்கள்ல ஈரம், மார்கழி தையில உறைபனியும் வறண்ட காற்றும். அதுக்கு மேல நம்ம வேலை. பூண்டுக் காட்டுல சாக்குக் கொங்காணி போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிற்கிறோம், விறகுக்கட்டுக்குச் சும்மாடு வைக்கிறோம். சாக்கு நார் உச்சி முடியை அரம் மாதிரி உரசும். சாக்கை விடச் சொல்லல, குளிருக்கு வேற வழி ஏது? உள்ளே ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கட்டிக்கிட்டு மேல சாக்கைப் போடுங்க. சும்மாடும் பழைய வேட்டித் துணியில சுத்தினா நல்லது.

அடுத்தது குளியல். அடுப்புல கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சின தண்ணியத் தலையில ஊத்தினாத்தான் நமக்குக் குளிச்ச மாதிரி இருக்கும். அந்தச் சூடு இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கிட்டுப் போயிடும். உடம்புக்கு ஊத்துங்க, தலைக்கு வெதுவெதுப்பாப் போதும். குளிக்கிற சோப்பும் துணி சோப்பும் காரம். முடி கொஞ்சம் புளிப்புத் தன்மையில்தான் ஓடு படிந்து இருக்கும், காரம் பட்டால் ஓடு தூக்கும். சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்துத் தேய்த்த நம்ம பாட்டிமார் இந்தக் கணக்கைப் படிச்சதில்லை, ஆனா சரியாத்தான் செஞ்சாங்க. ஷாம்புதான் வேணும்னா, பாக்கெட்டை ஒரு சொம்புத் தண்ணியில கலக்கி வேர்ல மட்டும் தேயுங்க. நுனிக்குக் கண்டிஷனர் பாக்கெட் வாங்கிக்கலாம், அது வீண் செலவு இல்ல.

தேங்காய் எண்ணெய் வைக்கிற நேரம் குளிக்கிறதுக்கு முன்னாடி. 2003-ல் வெளிவந்த நம் நாட்டு ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடிக்குள் இறங்கி, கழுவும்போது முடியின் புரதம் போவதைக் குறைத்தது. நம்ம குளிருக்குப் பாட்டில்ல கட்டியாக் கிடக்கும். அடுப்பு மேல வைக்க வேண்டாம், சுடுதண்ணிப் பாத்திரத்துல பாட்டிலை நிறுத்தினாப் போதும்.

குளிச்ச பிறகு முடியைத் துண்டால அடிக்கிறது, முறுக்கிப் பிழியறது, இது ரெண்டையும் விட்டாலே பாதிப் பரட்டை போயிடும். பழைய பருத்தித் துணியில அமுக்கி ஈரத்தை எடுங்க. தண்ணி சொட்டுறது நின்னதும் ரெண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சு நுனியில தடவுங்க. அகலப் பல் சீப்பால நுனியில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க. காய்ஞ்ச பிறகு சுருட்டை முடியைச் சீவவே வேண்டாம். சீவினா சுருள் பிரிஞ்சு பஞ்சு மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் பரட்டைன்னு பேரு வச்சாங்க.

இனி சவுரி. கல்யாணம், சடங்குன்னா நம்ம எல்லார் வீட்லயும் உண்டு. இப்போ டவுன்ல இதுக்கு எக்ஸ்டென்ஷன்னு பேரு. இதுல ரெண்டு வகை முடி வருது. பழனியில நாம காணிக்கை கொடுக்கிற முடி ஒரே வெட்டில் இறங்குவதால், வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காகக் கட்டி வைக்க முடியும். கோயில் அதை ஏலத்தில் விடும், நல்ல விலை போகும். இன்னொன்னு, சீப்புல வர்ற சிக்கு முடி. அதைத்தான் நாம சுருட்டிச் சுவர் இடுக்குல சொருகி வச்சு, வண்டிக்காரர்கிட்ட ஊக்குக்கும் கிண்ணத்துக்கும் கொடுக்கிறோம். அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். ஓடுகள் எதிரும் புதிருமாக இருந்தால் ஒன்றை ஒன்று கொக்கி போட்டு இழுக்கும், உடனே சிக்கு விழும். அதனால் தொழிற்சாலையில் அமிலத்தில் போட்டு ஓட்டையே கரைத்துவிட்டு, மேலே சிலிகான் பூசி மினுக்குவார்கள். நாலு அலசலில் பூச்சு போய்விடும். அப்புறம் தேங்காய் நார்தான். நாம சரியாப் பார்த்துக்கலையோன்னு நினைச்சுக்க வேண்டாம், சரக்கே அப்படி.

கடையில பார்த்து வாங்க ஒரு வழி இருக்கு. ஒரு இழையை விரல் ரெண்டுக்கும் நடுவுல பிடிச்சு மேலிருந்து கீழே இழுங்க, பிறகு கீழிருந்து மேல. ஒரு பக்கம் வழுக்கணும், மறுபக்கம் லேசா உரசணும். நாலைஞ்சு இழை எடுத்தா எல்லாம் ஒரே பக்கம் வழுக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினா பூச்சு. வீட்ல கிடக்கிற சவுரி நைலானான்னு சந்தேகம் இருந்தா ஒரு இழையைக் கொளுத்துங்க. நைலான் உருகி மணி மாதிரி உருண்டுக்கும். நிஜ முடி இறகு பொசுங்குற வாடை அடிச்சுச் சாம்பலாகும். நைலானைச் சுடுதண்ணியில போட்டா அப்பவே சுருங்கிப் பரட்டையாயிடும்.

சவுரிக்குத் தலையிலிருந்து எண்ணெய் ஊறாது, அதனால் சீக்கிரம் காயும். கட்டுப் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு அலசி, நிழலில் உலர்த்தி, துளி எண்ணெய் தடவிப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கணும். பிளாஸ்டிக் பையில வச்சா நம்ம ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும். கனமான சவுரியை இறுக்கிக் கட்டிக்கிட்டே தூங்கினா நெற்றியோரம் முடி உதிரும். வருஷக்கணக்கா இழுத்தா அந்த இடத்துல திரும்ப முளைக்காமலும் போகலாம்.

நேராக்குற மருந்தைப் பத்தியும் சொல்லிடுறோம். இதில் பல மருந்துகளில், சூட்டுக் கம்பி வைக்கும்போது கண் எரிகிற ஃபார்மால்டிஹைடு என்ற ஆவி வரும். அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2022 அக்டோபரில் வெளிவந்தது. வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் நேராக்கும் மருந்து போட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய், போடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. மருந்துதான் காரணம்னு அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லல, ஒரு தடவை போட்டவங்க பயந்து நடுங்கவும் வேண்டாம். ஆனா முடிவேர் மாறாது. புதுசா வர்றது சுருண்டுதான் வரும், அதுக்குத் திரும்பத் திரும்பப் போடணும், திரும்பத் திரும்பக் கடன்.

அந்தப் பொண்ணு இப்போ ஒடிஞ்ச நுனியெல்லாம் வெட்டிட்டு வடிகஞ்சியும் சீயக்காயும் போடுது. வேர்ல ரெண்டு விரல் அளவுக்குப் புது முடி வந்திருக்கு, சின்னச் சின்னச் சுருளா. உள்கடன்ல இன்னும் நாலு தவணை பாக்கி.