மூட்டு மாற்றியவர் வீடு வந்த பிறகு



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு உதவித் தொகை கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு தாயாருக்கு நேர்ந்தது அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

வீடு திரும்பிய முதல் ஜும்ஆ அன்று, குளிக்காமல் இருக்க மனமில்லாமல் அவர் குளித்தார். கட்டு நனைந்தது. சில நாளில் நீர் கசிந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் செலவு வைக்கக் கூடாதென்று சொல்லாமல், மருந்துக்கடை மாத்திரையில் சமாளித்தார். கடைசியில், வைத்த மூட்டையே எடுக்க வேண்டியதாயிற்று.

செயற்கை மூட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும். அதில் இரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன்மேல் பாசி போல் படிந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் திறந்து கழுவி, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

சிகிச்சைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள். சொத்தைப் பல், கால் புண், சிறுநீர் எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறுவை செய்யும் இடத்தில் நீங்களாகச் சவரம் செய்யாதீர்கள். புகைப்பவர் நிறுத்திவிடுங்கள்.

பிறகு, மருத்துவர் சொல்லும்வரை கட்டு நனையக் கூடாது. நம் மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. மஸஹு, தயம்மும், நாற்காலியில் தொழுவது பற்றி ஆலிமிடம் கேட்டு நடங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஓதிய எண்ணெய் எதையும் காயத்தில் தடவ வேண்டாம், துஆவுக்குத் தடையில்லை. சோப்பால் கை கழுவாமல் கட்டைத் தொடாதீர்கள்.

நோய் விசாரிப்பது சுன்னத். ஆனால் கூட்டமாகப் போகாதீர்கள், படுக்கையில் உட்காராதீர்கள். சளி, காய்ச்சல், சீழ்ப்புண் உள்ளவர் தொலைபேசியில் நலம் கேட்டாலே போதும்.

தொடக்கத்தில் கொஞ்சம் வீக்கமும் சூடும் இருக்கும். ஆனால் கசிவு நிற்காவிட்டால், சீழ் வந்தால், சிவப்பு பரவினால், குறைந்த வலி கூடினால், காய்ச்சல் அடித்தால் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் சாப்பிட்டால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். ஆண்டுகள் கழித்தும் இரத்தம் வழியாகக் கிருமி மூட்டை அடையலாம். ஆகவே கால் புண்ணையும் பல் சீழையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

செலவுக்குப் பயந்து யாரும் காயத்தை மறைக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போக வண்டிக் காசு இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள். அந்தத் தாயார் சொல்லியிருந்தால் அன்றே அழைத்துப் போயிருப்போம்.

அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.