மூச்சுக்கு முதலிடம்: தீவகத்து வளரிளம் பிள்ளைகளும் நரம்புத் தொகுதியும்

எந்த ஆசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்பட்டதோ, அந்த அமரரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகவே சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத் தீவகத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், தவளைக் காலில் நரம்புத் துடிப்பைக் காட்டிப் பாடம் நடத்தியவர் என்பது ஒன்றே இன்றைய பொருளுக்குப் போதும். அறக்கட்டளையை நிறுவிய அவருடைய குடும்பத்தாருக்கு என் நன்றி. மாலை மரியாதைக்குப் போன நேரத்தையும் என் கணக்கில் எழுதிவிட்டதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் என் மருத்துவச் சகபாடிகள் சிலருக்கும் உள்ள வழக்கு இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். முன்வரிசையில் இருவர் இப்போதே சிரிக்கிறார்கள். தீவகத்துப் பிள்ளை ஒன்று நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, நித்திரையின்மை என்று வந்தால் அதைப் போரின் மனவடுவாகவே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. முதலில் நரம்புத் தொகுதியைப் பாருங்கள், நித்திரையைக் கேளுங்கள், குருதியைச் சோதியுங்கள், வரலாற்றுக்குப் பிறகு வரலாம் என்பது என் கட்சி. இதற்காக எனக்குப் ‘போரை மறந்தவர்’ என்று பட்டம் தந்திருக்கிறார்கள். பதிலைக் கூட்டங்களில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். இன்று அச்சில் ஏறும்படி சொல்கிறேன்.

நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு பிள்ளை. வயது பதினைந்து. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வார இறுதியில் ஊருக்குப் போய்த் திங்கள் விடியப் படகேறுவாள். அப்படி ஒரு திங்கள், படகின் கீழ்த்தட்டில், டீசல் மணத்துக்கும் மரக்கறிச் சாக்குகளுக்கும் நடுவே இருக்கும்போது மூச்சு முட்டியது. நெஞ்சு அடித்தது. வாயைச் சுற்றிக் கூசியது, விரல்கள் விறைத்து உள்நோக்கி மடங்கின. ‘அம்மா, நான் சாகப்போறன்’ என்று கத்தினாள். குறிகட்டுவான் துறையில் ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் வாயு என்றார், இன்னொருவர் அம்மாளாச்சிக்கு நேர்ந்துவிடச் சொன்னார். வைத்தியசாலையில் இதயத் துடிப்பின் வரைபடம் சரியாகவே இருந்தது.

அடுத்ததுதான் என் வழக்கு. ஓரிடத்தில் அவளை உளவளத்துணைக்கு அனுப்பினார்கள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். அம்மம்மாவின் சொந்தத்தில் ஒருவர் குமுதினியில் போனவர் என்பது பேச்சில் வந்தது. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குறைந்த கணக்குப்படியும் இறந்தவர்கள் 23 பேர். அந்தத் தொடர்பு கிடைத்ததும் கோப்பில் ‘தலைமுறை கடந்த மனவடு’ என்று எழுதினார்கள். பிறகு வாராவாரம் 1985ஐப் பற்றியே பேச்சு. அவள் பிறந்ததே போர் முடிந்த 2009க்குப் பிறகு. படகில் அதுவரை பாட்டுக் கேட்டுக்கொண்டு போன பிள்ளை. இப்போது சனிக்கிழமையே திங்களை நினைத்து நடுங்கத் தொடங்கினாள். என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டேன். ரியூசன் வேலையும் கைத்தொலைபேசியுமாக ஒரு மணி. எழுந்தது நாலரைக்கு. படகில் சத்தி வரும் என்ற பயத்தில் வெறும் தேநீர் மட்டும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஈமோகுளோபின் குறைவாக இருந்தது.

இந்த உடலோடு அவள் ஆடும் படகில் இருக்கிறாள். சோகை பிடித்தவளின் இதயம் ஏற்கெனவே விரைந்துதான் துடிக்கும். உட்செவி ‘அசைகிறாய்’ என்கிறது, கீழ்த்தட்டின் சுவரைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது, குமட்டல் வருகிறது. பயம் தட்டியதும் பரிவு நரம்புகள் முடுக்கம் பெறுகின்றன, அதிரினலின் பாய்கிறது, மூச்சு விரைகிறது. ஓடுவதற்கும் அடிப்பதற்கும் உடல் ஆயத்தமாகிறது, ஆனால் பிள்ளை மரக்கறிச் சாக்கில் சாய்ந்து இருக்கிறாள். தசைகள் உண்டாக்குவதைவிடக் கூடுதலான காபனீரொட்சைட்டை மூச்சு வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. குருதியில் அது குறையக் காரத்தன்மை ஏறுகிறது. அயனாக உள்ள கல்சியம் குறைகிறது. விரல் விறைக்கிறது, உதடு கூசுகிறது. மூளைக்குப் போகும் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. காற்றுப் போதவில்லை என்று தோன்ற, இன்னும் வேகமாக இழுக்கிறாள். வட்டம் பூட்டிக்கொள்கிறது. இதில் எந்தக் கண்ணியிலும் 1985 தேவைப்படவில்லை.

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல். தாயைப் பக்கத்தில் இருத்தி, ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னேன். நிமிடம் முடியமுன்னரே கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தாள். ‘இதுதான் டொக்டர், படகில வந்தது இதுதான்’ என்றாள். பிறகு மெதுவாக, உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளும்படி விடச் சொன்னேன். வெளிமூச்சின்போது வேகசு நரம்பின் பிடி இறுகி இதயம் தணியும். நாடியைத் தொட்டுத் தானே அதைக் கண்டுபிடித்தாள். இரும்புச் சத்து மாத்திரை, படகேறமுன் இரண்டு துண்டு பாண், மேல்தட்டில் தொடுவானத்தைப் பார்த்தபடி ஓர் இடம், ஞாயிறு இரவு கைத்தொலைபேசி அம்மாவிடம். பயம் முழுதாகப் போய்விட்டதா? இல்லை. பயத்தோடு படகேறினாள், பள்ளிக்குப் போனாள்.

சகபாடிகள் உடனே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தை இழுப்பார்கள். 1998இல் அவருடைய ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ நூல் வந்திராவிட்டால் நம் துறையே இங்கு இல்லை. கூட்டு மனவடு பற்றி அவர் எழுதியது சமூகம் முழுவதன் காயத்தைப் பற்றி. தளர்வுப் பயிற்சியையும் நம் மரபு வழிகளையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அவர் சொன்னதைவிட அவர் பெயரால் சொல்லப்படுவது கூடிவிட்டது. இன்னும் சிலர், மனவடு தலைமுறை கடக்கும் என்பதற்கு, 2016இல் ரேச்சல் யெகூடா குழு வெளியிட்ட மரபணு மேற்குறி ஆய்வைக் காட்டுவார்கள். யூதப் படுகொலையில் தப்பிய 32 பேரும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரும் கொண்ட ஆய்வு அது. அந்த 22 பேரிலிருந்து நெடுந்தீவுப் பேத்தி வரைக்கும் பாலம் கட்ட எனக்குத் துணிவில்லை. குமுதினியை நினைவுகூர மாவிலித்துறையில் நினைவிடம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் நோய்க்குறிப்பை இன்னொரு நினைவிடமாக்க வேண்டியதில்லை.

‘பேசினால்தான் தீரும்’ என்பதற்கும் நம் மண்ணிலேயே விடை உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் கிளவுடியா கட்டானி குழுவினர் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நடந்ததை விவரிக்கும் சிகிச்சை, மறுபகுதிக்குத் தியானமும் தளர்வும். இரண்டிலும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் தேறியவர்கள் முதல் பகுதியில் 81 சதவீதம், மற்றதில் 71. சிறு குழுவில் இது வேறுபாடாகாது. சிகிச்சையே பெறாத குழு அதில் இல்லையே என்று சகபாடிகள் கேட்பது நியாயம். ஆனால் அந்தக் குறை இரு பக்கத்தையும் சமமாகத்தான் வெட்டும். தோல் (Tol) என்ற ஆய்வாளரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு யாழ் மாவட்டப் பாடசாலைப் பிள்ளைகள் 399 பேரிடம் நடந்தது. அதில் உளநலத் தலையீடு பெற்ற சிறுமிகளைவிடக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமிகளுக்கு மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. நல்ல எண்ணத்தோடு போய்க் கிளறுவதற்கும் விலை உண்டு.

என் பக்கம் நிற்பதாகச் சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பயத்தையும் அமைதியையும் வேகசு நரம்பை வைத்து விளக்கும் ஸ்டீபன் போர்ஜஸின் பல்வேகசுக் கோட்பாடு இப்போது பயிற்சிப் பட்டறை தோறும் ஓதப்படுகிறது. அதன் உடலியல் அடித்தளத்தை ஏற்காத உடலியலாளர்கள் பலர். மூச்சு உதவுகிறது என்பதற்கு அந்த மந்திரம் வேண்டாம்.

நித்திரை பற்றித் தனிச் சொற்பொழிவே செய்யலாம். வளரிளம் பருவத்தில் மெலற்றோனின் சுரப்பு பிந்துகிறது. பத்து மணிக்குப் படு என்றால் உடல் கேட்காது. பள்ளி மணி ஏழரைக்கு அடிக்கிறது, அதற்கு முன்னும் ரியூசன். ஒரு பாடசாலையிலாவது நேரத்தைப் பின்தள்ளிப் பார்க்கலாம்.

பையன்களைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவர்கள் கிளினிக்குக்கு வருவதும் இல்லை. படபடப்பைச் சாராயத்தால் அடக்குகிறார்கள். அவர்களைப் படகுத் துறையிலும் விளையாட்டு மைதானத்திலும்தான் தேட வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்புகள் சில: நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மாணவிகளிடையே சோகையும் படபடப்பும், படகில் போய்வரும் பிள்ளைகளின் நித்திரையை நாட்குறிப்பு வைத்து ஆராய்வது, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கு மூச்சுமுட்டி வரும் பிள்ளைகளிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது. படபடப்போடு வருபவர்களுக்குத் தைரொயிட் சோதனையையும் விடாதீர்கள். உளவளத்துணைப் படிவத்தின் முதல் பக்கத்தில் நித்திரை, சாப்பாடு, மாதவிடாய் மூன்றுக்கும் இடம் வேண்டும். புதிய படிவம் அச்சடிக்கும் செலவை இந்த அறக்கட்டளையே ஏற்கலாம் என்று குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன். கேள்விகளுக்கு நேரம் உண்டு என்கிறார் கூட்டத் தலைவர், முன்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.