நோயாளிகள் வரமாட்டார்கள் என்று யார் சொன்னது?

(வெம்பக்கோட்டை வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மருத்துவர் பிராச்சி ரத்தோட் ஐதராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவர், திருநங்கை. நோயாளிகள் வரத்து குறையும் என்று சொன்னதால் அவர் வெளியேற வேண்டியிருந்தது. மருத்துவர் ரூத் ஜான் பாலுக்குப் பல மருத்துவமனைகள் வேலையே தரவில்லை. 2022இல் இருவரும் உஸ்மானியா அரசு மருத்துவமனையில் மருத்துவ அலுவலர்களாகச் சேர்ந்தார்கள்.

"எங்களுக்கு ஒன்றுமில்லை, நோயாளிகள்தான் ஏற்க மாட்டார்கள்." இந்தக் குரல் நமக்குப் பழக்கமானதுதானே? நமக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பவரும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கை காட்டுவார். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சிலர் பள்ளியில் தகராறு செய்தபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு திரும்பியது.

வெடி விபத்தில் கருகிக் கிடப்பவர் மருத்துவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. ஆனால் இந்த வாதம் எனக்குப் போதாது. உயிர் போகும்போது யாரையும் ஏற்போம். சளிக்கு வரிசையில் நிற்கும்போது என்ன செய்வோம்?

பட்டாசு ஆலையில் இருபது வருடம் திரி வேலை பார்த்த என் அம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல ஒரு மாதிரியாத்தான்டா இருக்கும்" என்றார். பிறகு அவரே, "பொம்பள சமாச்சாரம் எத்தனைய ஆம்பள டாக்டர்கிட்ட சொல்லாம முழுங்கிருக்கேன். காது குடுத்துக் கேட்டாகன்னா, மறுவாரமும் அவுககிட்டயே போவேன்."

தயக்கம் இருக்கிறது, மறுவாரமும் இருக்கிறது. நிர்வாகங்கள் முதலாவதை மட்டும் நம் பெயரில் பேசுகின்றன.

மருத்துவக் கல்வியும் சுத்தமில்லை. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தலையிட்ட பிறகே, இழிவான பகுதிகளைப் பாடநூல்களிலிருந்து நீக்கும்படி தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. 2024இல் அதே ஆணையம் தன்பாலின உறவை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று பாடத்திட்டத்தில் திரும்பச் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது.

அதற்கும் முன்னால் வகுப்பறை இருக்கிறது. பிளஸ் டூவில் என்னோடு படித்தவர் ஒருவர், உயிரியலில் எங்கள் எல்லோரையும்விட மதிப்பெண் வாங்குவார், டாக்டராகணும் என்பார். அவர் நடையைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பாதியிலேயே பள்ளியை விட்டு நின்றுவிட்டார். இப்போது திருப்பூரில் இருக்கிறார், திருநங்கையாக. இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். "நீ பேசு, நான் வரல" என்றார்.