மஞ்சளும் பிள்ளைகளின் மூளையும்

(திருகோணமலையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மஞ்சள் சாப்பிட்டால் மறதி வராது என்று எல்லோர் போனுக்கும் செய்தி வருகிறது. அதைச் சொல்லியே குளிசையும் விற்கிறார்கள். உண்மை என்ன?

மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அது உடம்பில் இலகுவில் சேராது. மிளகில் உள்ள சத்தோடு கொடுத்தால் கூடுதலாகச் சேரும் என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே மஞ்சளும் மிளகும் போட்டு ரசம் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் மறதி நோயாளிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சுகம் தெரியவில்லை. உங்கள் நாட்சம்பளத்தைக் குளிசைக்குக் கொடுக்காதீர்கள்.

நாம் கவனிக்க வேண்டியது மஞ்சளில் கலப்பதை. 1980களில் பங்களாதேஷில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளுக்கு நிறம் ஏற்ற, ஈயம் உள்ள சாயத்தைப் பூசத் தொடங்கினார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். படித்தது மனதில் நிற்காது. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல அதற்கு அளவே கிடையாது. 2019இல் ஆய்வு வெளியானதும் அரசாங்கம் சந்தைகளைச் சோதித்துத் தண்டம் விதித்தது. அந்த வருடம் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை.

இங்கும் அதே சாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபின் நடந்தது நினைவிருக்கும். கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறியது. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் கடத்தல் மூட்டைகள் பிடிபட்டன. மா கலந்த தூள் கடைக்கு வந்தது. விலை ஏறினால் கலப்படம் வரும். அது முதலில் வருவது சில்லறைப் பக்கற் வாங்கும் நம் அடுப்படிக்கு.

ஆகவே மூன்று வேலை செய்வோம். தூளை விட்டு, கிழங்காக வாங்கி இடிப்போம். அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கையும் கையில் சாயம் ஒட்டும் கிழங்கையும் ஒதுக்குவோம். நாலைந்து வீடு சேர்ந்து மொத்தமாக வாங்குவோம்; வளவு உள்ளவர்கள் நட்டுக்கொள்வோம். சந்தேகமான தூளைப் பக்கற்றோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, சோதனை முடிவைச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேட்போம்.

பங்களாதேஷில் இரண்டே வருடத்தில் முடிந்தது. நம் பிள்ளைகளுக்காக இங்கும் கேட்டு வாங்குவோம்.