முதல் தையல் ஏழையின் தோலிலா?

(மரக்காணத்தில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்மூர் உப்பளத்தில் புதிதாக இறங்குகிறவனுக்குத் தொழில் கற்றுத் தருவது யார்? முதலாளியா? இல்லை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவர்தான். மருத்துவக் கல்லூரியிலும் இதே கதைதான். ஒரு பேராசிரியர் நூறு மாணவரின் கையைப் பிடித்து முடிச்சுப் போடக் கற்றுத்தர முடியுமா? மேல்வகுப்பு அண்ணன்தான் கற்றுத் தருகிறான்.

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்பது அறுவை மருத்துவத்தில் நெடுநாளாக வழங்கும் சொல். கேட்க இனிமைதான். ஆனால் அந்த 'ஒன்றைச் செய்' யாருடைய உடம்பில்? காலில் வெட்டுப்பட்ட உப்பளத் தொழிலாளி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுவை ஜிப்மருக்கோதான் போவார். மாணவர் பயிலும் அரசு மருத்துவமனை எதுவானாலும், அங்கே வருகிறவர்களில் மிகுதி ஏழைகளே. பழகாத கையின் முதல் தையல் அவர்கள் தோலில் விழலாமா?

இதை உணர்ந்துதான், 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் கல்லூரிதோறும் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்றது. செயற்கைத் தோலில் கை பழகட்டும். பிறகு நோயாளியிடம் போகட்டும். கூடம் பூட்டிய பிறகும் வாழைப்பழத் தோலிலும் ஆட்டுக்காலிலும் தைத்துப் பழகலாம். ஆசிரியரிடம் கேட்கக் கூசும் கேள்வியைத் தோழனிடம் கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தோழன் தவறாகக் கற்றிருந்தால் தவறுதான் பரவும். முடிவில் ஆசிரியரின் கண் பட்டே ஆக வேண்டும்.

அப்பாவின் கிளினிக்கைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டிலேயே ஆள் உண்டு. 2007-ல் வந்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டிலோ, 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்குக் கிடைத்த 7.5 சதவீதத்திலோ, குடும்பத்தின் முதல் ஆளாக நுழையும் பிள்ளைக்கு யார் உண்டு? தோழன்தான்!

குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் முடித்த 30 பகுதி நூலின் கடைசிப் பகுதியில், சுமார் 200 அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து காட்டினார். மாணவர்களைத் தம் பிள்ளைகள் என்றே அழைத்தார். உடற்கூறு அறியாதவன் கத்தி எடுத்தால் உயிர் போகும் என்று எச்சரித்தார்.

இறைச்சிக்கடைச் சகோதரர்களே! மாணவன் கேட்டால் ஓர் ஆட்டுக்கால் கொடுங்கள். வணிகர்களே! ஏழை மாணவனுக்கு ஊசி, நூல், இடுக்கி அடங்கிய பயிற்சிப் பெட்டி வாங்கித் தாருங்கள். மருத்துவம் படிக்கும் வாலிபர்களே! இளையவன் கதவைத் தட்டினால் திறந்து, கைப்பிடித்துக் கற்றுக்கொடுங்கள். நாளை அவன் ஊசி இறங்கப்போவது உங்கள் தாயின் தோலாகவும் இருக்கலாம்!